அரக்கு அரக்காகவே தெரிய

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடைகளில் புடவை எடுக்க வருகிறவர்கள், விலை பேசி முடித்த பிறகும் ஒரு காரியம் செய்வார்கள். புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், வெயில் வெளிச்சத்தில் ஒரு முறை விரித்துப் பார்ப்பார்கள். கடைக்காரர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. கடைக்குள் எரியும் விளக்கு நிறத்தைக் கொஞ்சம் மாற்றிக் காட்டும் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

வாங்குகிறவர் சிங்கப்பூரிலோ டொரான்டோவிலோ இருந்தால் இந்த வாசல் கிடையாது. வாலாஜாபாத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அய்யம்பேட்டை போன்ற நெசவாளர் ஊர்கள் இருக்கின்றன. அங்கே ஒரு வீட்டில் லேப்டாப்பின் எதிரே புடவையை விரித்துக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். "அக்கா, இது அரக்கா, பிரவுனா?" என்று திரையின் அந்தப் பக்கம் கேள்வி வரும். "அரக்குதாங்க, நேர்ல பார்த்தா நல்லாத் தெரியும்" என்று இந்தப் பக்கம் பதில் போகும். நேரில் பார்க்க வழியில்லை என்பதற்காகத்தானே வீடியோவே!

இந்தச் சிக்கலில் கேமராவின் கண்ணாடிக்குப் பெரிய பங்கில்லை. கேமரா எடுக்கும் முடிவுகளுக்குத்தான் பங்கு. வெப்கேம் தன் முன்னால் இருப்பதை அப்படியே அனுப்புவதில்லை. ஒவ்வொரு நொடியும் ஊகித்து, திருத்தி அனுப்புகிறது. அந்த ஊகங்களில் முதன்மையானது வெள்ளை எது என்பது. குண்டு பல்பின் கீழே வெள்ளைத் தாள் உண்மையில் மஞ்சளாகத்தான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணும் மூளையும் சுற்றுப்புறத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "இது வெள்ளைத் தாள்" என்று சொல்லிவிடுகின்றன. கேமராவுக்கு அந்த அறிவு இல்லை. அதனால் அது ஒரு குறுக்குவழியைப் பிடிக்கிறது: எந்தக் காட்சியிலும் எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல் நிறம்தான் வரும் என்று வைத்துக்கொள்கிறது. சராசரியில் சிவப்பு தூக்கலாக இருந்தால், விளக்கு சிவப்பாக இருக்கிறது என்று முடிவுகட்டி, சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டுகிறது. கெர்ஷன் புக்ஸ்பாம் 1980-இல் நிறப் பார்வை பற்றி எழுதிய ஆய்வோடு சேர்த்துப் பேசப்படும் கருதுகோள் இது. இன்றைய கேமராக்கள் இதைவிடச் சிக்கலான கணக்குகளைப் போடலாம். ஆனாலும் மலிவான வெப்கேம்களில் இந்த ஊகத்தின் சாயல் நன்றாகவே தெரியும்.

தெருவையோ வகுப்பறையையோ படம் பிடிக்கும்போது இந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. ஆறு கெஜ அரக்குப் பட்டு திரை முழுக்க விரிந்தால் பலிக்காது. காட்சியில் சிவப்பைத் தவிர வேறு எதுவுமே இல்லை. கேமராவோ அந்தச் சிவப்பை விளக்கின் குற்றமாக எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கிறது. அரக்கு மங்கிப் பழுப்பாகிறது. மாம்பழ மஞ்சள் வெளிறிப் போகிறது. கோர்வைப் புடவை என்றால் கூத்து இன்னும் கூடும். உடல் ஒரு நிறம், கரை எதிர் நிறம். உடலைக் காட்டும்போது ஒரு திருத்தம், கரையைக் கிட்டே கொண்டுவந்தால் இன்னொரு திருத்தம் என்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே புடவை நிறம் மாறிக்கொண்டிருக்கும். மயில்கழுத்து வகையில் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம் கொடுத்திருப்பதால் அசைத்தாலே நிறம் மாறும், மாறத்தான் வேண்டும். எது நெசவாளி உண்டாக்கிய மாற்றம், எது கேமரா உண்டாக்கிய மாற்றம் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்?

சரிகை வந்தால் இரண்டாவது ஊகம் குழம்புகிறது. காட்சியின் சராசரி வெளிச்சம் நடுத்தரமாக இருக்க வேண்டும் என்று கேமரா எதிர்பார்க்கிறது. முந்தானையின் சரிகை மின்னியதும் "வெளிச்சம் அதிகம்" என்று ஒளி வாங்கும் நேரத்தைச் சுருக்குகிறது. உடனே புடவையின் உடல் இருண்டுபோகிறது. முந்தானையை மடித்தால் உடல் மறுபடி வெளுக்கிறது. விற்கிறவர் கையை அசைக்க அசைக்கப் படம் மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும்.

மூன்றாவது தொல்லை மின்சாரத்திலிருந்து வருகிறது. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதைச் சிறுகணக்கிலேயே பிடித்துவிடலாம். இந்தியாவில் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகச் சுற்றி வருகிறது. பழைய சோக் வைத்த டியூப் லைட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மங்கிப் பிரகாசிக்கிறது. ஆக நொடிக்கு 100 துடிப்பு. எலக்ட்ரானிக் சோக் என்றால் இந்தத் துடிப்பு நொடிக்குப் பல ஆயிரங்களுக்குப் போய்விடும், தொல்லை இல்லை. எல்இடி பல்பு எப்படி என்பது அதன் உள்ளே இருக்கும் சுற்றைப் பொறுத்தது. விலை குறைந்தவற்றில் அதே 100 துடிப்பு இருக்கலாம். கண்ணுக்கு இது தெரிவதில்லை. வெப்கேமுக்குத் தெரியும். அது ஒரு படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. தறியில் ஊடை இழை இழையாக விழுந்து துணி வளர்வதைப் போல, மேலிருந்து கீழே வரி வரியாகப் படத்தை வாசிக்கிறது. மேல் வரி ஒளி வாங்கிய நேரமும் கீழ் வரி ஒளி வாங்கிய நேரமும் வேறு வேறு.

ஒவ்வொரு வரியும் ஒளி வாங்கும் நேரம் சரியாக 10 மில்லிநொடி என்று வையுங்கள். விளக்கின் ஒரு முழுத் துடிப்பும் 10 மில்லிநொடிதான். எந்தக் கணத்தில் தொடங்கினாலும் ஒரு முழு மங்கலும் ஒரு முழுப் பிரகாசமும் அந்த வரிக்குக் கிடைத்துவிடும். எல்லா வரிகளுக்கும் சமமான ஒளி. ஆனால் அமெரிக்காவில் மின்சாரத்துக்கு நொடிக்கு 60 சுற்று, விளக்குத் துடிப்பு நொடிக்கு 120. பல வெப்கேம்கள் ஆலையிலிருந்து வரும்போதே 60 என்ற தேர்வோடு வருகின்றன. அந்தத் தேர்வில் கேமரா 10 மில்லிநொடிக்குப் பதில் சுமார் 8.3 மில்லிநொடி ஒளி வாங்கும். நம் ஊர் டியூப் லைட்டின் கீழே சில வரிகளுக்குப் பிரகாசமான பகுதி கூடுதலாகக் கிடைக்கும், சில வரிகளுக்கு மங்கலான பகுதி. படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். நொடிக்கு 30 படம் ஓடினால், ஒரு படத்துக்குள் விளக்கு மூன்றேகால் முறைக்குச் சற்றுக் கூடுதலாகத் துடிக்கிறது. முழு எண் இல்லாததால் பட்டைகள் அடுத்த படத்தில் வேறு இடத்துக்கு நகர்ந்து உருண்டுகொண்டே போகும். நொடிக்கு 25 படம் என்று மாற்றினால் சரியாக நான்கு துடிப்பு. பட்டைகள் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பட்டுக்கு உள்ளேயே குறுக்குக்கோடு நெய்திருப்பதாக வாங்குகிறவர் நினைத்தால் அவர்மேல் தவறில்லை.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றே: கேமரா ஊகிப்பதை நிறுத்திவிட்டு, மதிப்புகளை நாமே கொடுப்பது. பெரும்பாலான வெப்கேம்கள் இதற்கு இடம் கொடுக்கின்றன. 2003-இல் யுஎஸ்பி வீடியோ சாதனங்களுக்கென்று ஒரு பொது விதி வெளியானது. அதைப் பின்பற்றும் எந்தக் கேமராவையும், எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், கணினி ஒரே மாதிரி விசாரிக்கலாம். ஒவ்வொரு அமைப்பைப் பற்றியும் கேட்கலாம்: உன் கீழெல்லை எது, மேலெல்லை எது, எத்தனை படிகளாக நகர்வாய், ஆலையில் என்ன மதிப்பு வைத்தார்கள், இப்போது என்ன மதிப்பில் இருக்கிறாய்? கேமரா பதில் சொல்லும். நிறச் சமநிலைக்குப் பல கேமராக்கள் 2800 முதல் 6500 கெல்வின் வரை என்று பதில் தரும். இந்தக் கெல்வினில் ஒரு தலைகீழ் இருக்கிறது. குறைந்த எண் என்றால் ஒளி செம்மஞ்சள், கூடிய எண் என்றால் நீலச்சாயல். 2800 என்று கொடுத்தால் "விளக்கு செம்மஞ்சளாக இருக்கிறது" என்று கேமராவிடம் சொல்கிறோம். அது ஈடுகட்ட நீலத்தைக் கூட்டுகிறது. முதல் தடவை தொட்டுப் பார்க்கிறவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் நகர்த்துவதற்குக் காரணம் இதுதான். ஒளி வாங்கும் நேரமோ நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் எழுதப்படுகிறது. 100 என்று கொடுத்தால் 10 மில்லிநொடி. மேலே போட்ட கணக்குப்படி நம் ஊருக்கு 100, 200, 300 நல்ல எண்கள். 83 கெட்ட எண்.

சரி, பொறுமையாக உட்கார்ந்து எல்லாம் வைத்தாயிற்று. அரக்கு அரக்காகத் தெரிகிறது. மறுநாள் கேமராவைப் பிடுங்கி மாட்டினால் மறுபடி பிரவுன். இந்த மதிப்புகள் பொதுவாகக் கேமராவின் தற்காலிக நினைவில்தான் இருக்கின்றன. மின்சாரம் போனதும் ஆலை மதிப்புக்குத் திரும்பிவிடும். கணினி சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கேமராவைத் தூங்கவைத்து எழுப்பினால், லினக்ஸ் இயங்குதளம் தேவைப்படும்போது தன்னிடம் உள்ள பிரதியிலிருந்து மதிப்புகளைத் திருப்பி எழுதிவிடும். கம்பியைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பிரதியும் போய்விடும்.

லினக்ஸ் என்றதும் இது யாருக்கு என்று கேட்கத் தோன்றும். தமிழ்நாட்டில் அப்படிக் கேட்க வேண்டியதில்லை. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை என்பது வேறு விஷயம். அண்ணனுக்குக் கிடைத்த அந்தப் பழைய கருப்பு லேப்டாப்பைத் தூசி தட்டினால் புடவை காட்ட இன்றைக்கும் உதவும். ஒரு வெப்கேமை ஓட்டப் பெரிய கணினி எதுவும் தேவையில்லை.

லினக்ஸில் வீடியோ சாதனங்களுக்கான பொது இடைமுகத்துக்கு வீடியோ ஃபார் லினக்ஸ் என்று பெயர். பில் டிர்க்ஸ் வடிவமைத்த அதன் இரண்டாம் வடிவம் 2002-இல் லினக்ஸின் கருவான கெர்னலின் சோதனைக் கிளையில் சேர்ந்தது. லோரான் பின்ஷார் எழுதிய யுஎஸ்பி வெப்கேம் டிரைவர் 2008-இல் கெர்னலுக்குள் வந்தது. அதற்குப் பிறகு பொதுவிதிக் கேமரா எதுவானாலும் மாட்டினாலே போதும் என்ற நிலை. இந்த அடுக்கின் மேலே நின்று கட்டளை வரியில் பேசும் சிறு கருவிகள் பல உண்டு. அதிகம் அறியப்பட்டது வி4எல்2-சிடிஎல். கேமராவின் எல்லா அமைப்புகளையும் எல்லைகளோடு பட்டியல் போடும். ஒன்றின் பெயரும் மதிப்பும் கொடுத்தால் மாற்றியும் வைக்கும். லாஜிடெக்கின் உதவியோடு வளர்ந்த லிப்வெப்கேம் தொகுப்பில் யுவிசிடைன்சிடிஆர்எல் என்று ஒன்று, சேமிப்பதற்கும் ஏற்றுவதற்கும் வசதியோடு. மூன்றாவதாக வி4எல்2சிடிஆர்எல். முதல் கருவிக்கும் இதற்கும் பெயரில் ஒரு சிறுகோடும் ஓர் 'ஆர்' எழுத்தும்தான் வித்தியாசம்; பெயர் வைத்தவர்களைச் சபிக்காத பயனர் இருக்க மாட்டார். ஸ்காட் பெர்டின் எழுதிய வி4எல்2யுசிபி என்ற திரைப்பலகையோடு கூட வருவது இது. இதற்குத் தெரிந்தது இரண்டே வேலை: கேமராவின் அமைப்புகளை ஒரு கோப்பில் எழுதுவது, கோப்பில் இருப்பதைக் கேமராவுக்கு எழுதுவது.

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ரகசிய வடிவம் எதுவும் இல்லை, வெறும் எழுத்து. வரிக்கு ஓர் அமைப்பு. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், ஒரு பெயர், ஒரு மதிப்பு. முதல் வரி பெரும்பாலும் 9963776 என்று தொடங்கும், பக்கத்தில் பிரைட்னஸ் என்று இருக்கும். அடுத்தது 9963777, கான்ட்ராஸ்ட். ஏன் இத்தனை பெரிய எண்? பதினாறின் அடிமானத்தில் எழுதினால் 980900 என்ற அழகான எண் அது. பயனர் அமைப்புகள் என்ற வகுப்பு அங்கே தொடங்குகிறது. ஒளி வாங்கும் நேரம் கேமரா என்ற இன்னொரு வகுப்பைச் சேர்ந்ததால் அதன் எண் 10094850 என்று தள்ளிப்போய் நிற்கிறது.

இந்த எண்களின் அருமை இரண்டு இடங்களில் தெரியவரும். தானியங்கி நிறச் சமநிலை ஓடிக்கொண்டிருக்கும்போது கெல்வின் மதிப்பைக் கொடுத்தால் கேமரா ஏற்றுக்கொள்ளாது. முதலில் தானியங்கியை நிறுத்த வேண்டும், பிறகுதான் கெல்வின். ஒளி நேரத்துக்கும் இதே விதி. மதிப்புகளைத் திருப்பி எழுதும் கருவி வரிசை தவறினால் பாதி அமைப்புகள் வந்து பாதி வராமல் போகும். கையால் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. எண் வரிசையிலோ தானியங்கி நிறச் சமநிலை 9963788, கெல்வின் 9963802. ஒளியின் தானியங்கித் தேர்வு 10094849, ஒளி நேரம் அதற்கு அடுத்த எண். சின்ன எண்ணிலிருந்து ஏறுமுகமாக எழுதிக்கொண்டு போனாலே தானியங்கி முன்னால் நின்று மதிப்புக்கு வழி விட்டுவிடுகிறது. யாராவது யோசித்து வைத்தார்களா, தானாக அமைந்ததா என்பது எப்படியிருந்தாலும் பயன் நமக்கு.

இரண்டாவது இடம் பெயர்மாற்றம். சில ஆண்டுகளுக்கு முன் கெர்னலில் சில அமைப்புகளின் பெயர்களைச் சீர்ப்படுத்தினார்கள். எக்ஸ்போஷர் ஆட்டோ என்றிருந்தது ஆட்டோ எக்ஸ்போஷர் ஆயிற்று. எக்ஸ்போஷர் அப்சல்யூட் நடுவில் டைம் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டது. பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் கணினியைப் புதுப்பித்த அன்று "அப்படி ஒருவர் இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நின்றன. எண்கள் மாறவில்லை. நிரல்கள் நம்பியிருக்கும் எண்களை மாற்றக் கூடாது என்பதில் லினக்ஸ்காரர்கள் பிடிவாதக்காரர்கள். எண்ணைப் பிடித்துக்கொண்டு போகும் கோப்புக்குப் பெயர்மாற்றம் ஒரு பொருட்டே இல்லை.

செய்முறை எளிது. விளக்கைப் போட்டு, புடவை விரிக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, தானியங்கியையே கொஞ்ச நேரம் ஓடவிடலாம். சாம்பல் ஊகம் வெள்ளைத் தாளின் முன்னால் பொய்க்காது. படம் நிலைத்ததும் தானியங்கியை நிறுத்த வேண்டும். சில கேமராக்கள் அந்த மதிப்பிலேயே நிற்கும், சில பழைய இடத்துக்குத் தாவும். தாவினால் தாள் வெள்ளையாகத் தெரியும்வரை கெல்வினைக் கையால் நகர்த்த வேண்டியதுதான். ஒளி நேரத்தை 100-இன் மடங்கு ஒன்றில் நிறுத்திவிட்டு, சரிகை மிக அதிகமாக மின்னும் மடிப்பைக் காட்டி, வெளுத்துப்போகாத அளவுக்கு, வாங்கிய ஒளியைப் பெருக்கிக் காட்டும் கெயின் என்ற அமைப்பைக் குறைக்க வேண்டும். அதன் பிறகே சேமிப்பு. தானியங்கி ஓடும்போதே சேமித்தால் கோப்பில் "தானியங்கி" என்ற தேர்வும் பதிவாகிவிடும். ஏற்றினால் கிடைப்பது அதே பழைய ஊகம்.

கேமராவின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. லினக்ஸ் கேமராக்களுக்கு வீடியோ0, வீடியோ1 என்று மாட்டிய வரிசையில் எண் கொடுக்கிறது. போதாக்குறைக்கு இப்போதைய கெர்னல்கள் ஒரே வெப்கேமுக்கு இரண்டு முனைகளைக் காட்டுகின்றன, ஒன்று படத்துக்கு, மற்றது படத்தைப் பற்றிய தகவலுக்கு. லேப்டாப்பில் உள்ள கேமராவும் வெளியே மாட்டியதும் சேர்ந்தால் எந்த எண் எதற்கு என்பது ஒவ்வொரு தடவையும் மாறலாம். பட்டுக்கு வைத்த அமைப்பு முகத்தைக் காட்டும் கேமராவில் போய் உட்கார்ந்தால் விற்கிறவர் நீலமாகத் தெரிவார். நல்ல வேளையாக, நிறுவனப் பெயர், மாதிரி, இருந்தால் வரிசை எண் ஆகியவற்றைச் சேர்த்து மாறாத முகவரி ஒன்றையும் லினக்ஸ் தனியாக வைத்திருக்கிறது. கட்டளையில் அந்த முகவரியைக் கொடுப்பதே பாதுகாப்பு. யூடெவ் என்ற பகுதியில் ஒரு வரி விதி எழுதிவிட்டால், குறிப்பிட்ட கேமரா மாட்டப்பட்ட கணமே கோப்பைத் தானாக ஏற்றவும் செய்யலாம். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் கட்டளை என்ற ஒன்றைத் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கோப்பால் ஆகாத காரியங்களும் உண்டு. விளக்கு உமிழாத நிறத்தை எந்த அமைப்பும் கொண்டுவராது. மலிவான எல்இடி பல்புகள் பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைச்சல். அரக்கு திருப்பி அனுப்ப வேண்டியது அந்த ஒளியைத்தான். விளக்கிலேயே அது இல்லையென்றால் துணி என்ன செய்யும்? இந்த இடத்தில் கட்டளையைவிட நல்ல பல்பு ஒன்று வாங்குவது லாபம். ஒரே மாதிரி வெப்கேம் இரண்டு வாங்கினாலும் இரண்டும் துல்லியமாக ஒன்றுபோல நிறம் காட்டும் என்று சொல்ல முடியாது, ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஏறக்குறையத்தான் பொருந்தும். வாங்குகிறவர் தன் போனில் இரவுநேர மஞ்சள் வடிகட்டியைப் போட்டு வைத்திருந்தால், இங்கே பட்ட பாடெல்லாம் அங்கே மஞ்சளடித்துப் போகும். அதை மட்டும் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே ஒரு கோப்போடு நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. பகலில் ஜன்னல் வெளிச்சம் நீலச்சாயலோடு வருகிறது, இருட்டிய பிறகு டியூப் லைட் மட்டும். பகலுக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று இரண்டு கோப்புகள் போதும். இரண்டும் சேர்ந்தும் சில கிலோபைட்டைத் தாண்டாது. குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் காலை ஏழு மணிக்கு முதல் கோப்பு, மாலை ஆறரைக்கு இரண்டாவது கோப்பு என்று எழுதி வைக்கலாம். மழைக்காலத்தில் ஜன்னல் சீக்கிரமே இருட்டிவிடும். அந்த மாதங்களுக்கு ஆறரையை ஐந்தாக்கிக்கொள்ளுங்கள்.